மூவர் தூதும் முள்ளூர்க் காரியும்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் கோமுகியாறு கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு நீர் தருகிறது. அதற்கு வடக்கே தென்பெண்ணை, திருக்கோவலூரைத் தொட்டுக்கொண்டு கீழ்க்கடல் நோக்கி நடக்கிறது. மேற்கே மலையும் வடக்கே ஆறும் காவல் நிற்க அமைந்த இந்நிலத்தைச் சங்க காலத்தில் ஆண்டவர் மலையமான்கள். அவர்தம் பெயரால் மலையமான் நாடு என வழங்கிய பகுதி, பின்னாளில் மலாடு என்றும் மிலாடு என்றும் மருவிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, கல்வராயன் மலையும் திருக்கோவலூரும் ஒரே மாவட்ட எல்லைக்குள் அமைந்தன. மாவட்டம் புதிது, நாடு பழையது. அப்பழைய நாட்டின் புகழ்மிக்க தலைவன் மலையமான் திருமுடிக்காரி.

கடையெழு வள்ளல்களுள் ஒருவன் என்ற அளவில் காரியைத் தமிழுலகம் அறியும். இரவலர்க்குக் குதிரையும் இன்சொல்லும் ஈந்தவன் எனச் சிறுபாணாற்றுப்படை அவனைப் போற்றுகிறது. ஆயினும் வள்ளல் என்ற ஒரு சொல்லுக்குள் அவனை அடக்கிவிடுதல் அவனுக்கு நீதி செய்வதாகாது. மூன்று பேரரசுகளுக்கு இடையில் ஒரு சிறுநாட்டை நிலைநிறுத்த முயன்றவன் அவன். அம்முயற்சியில் அவன் பெற்றதும் இழந்ததும் ஈராயிரம் ஆண்டு கடந்தும் சிந்திக்கத்தக்கன. நாடு என்று பிறர் ஒப்புக்கொள்வதற்கு எது வேண்டும், அந்த ஒப்புகை எதுவரை காக்கும் என்னும் வினாவே அவன் வாழ்க்கை முழுதும் ஊடாடி நிற்கிறது.

காரியின் வாழ்வை வரிசைப்படுத்தி உரைக்கும் நூல் ஏதும் இல்லை. புறநானூற்றிலும் அகநானூற்றிலும் நற்றிணையிலும் குறுந்தொகையிலும் ஆங்காங்கே சிதறிக்கிடக்கும் குறிப்புகளைத் தொகுத்தே அவன் உருவத்தைக் காணவேண்டியுள்ளது. அவனுக்கு இரண்டு இருப்பிடங்கள் இருந்தன. ஒன்று, பெண்ணையாற்றங்கரைக் கோவலூர், அது தலைநகர். மற்றொன்று, மழை மிகுந்த முள்ளூர் மலை, அது அரண். ஆற்றங்கரை வயல் நெல்லைத் தந்தது. மலைக்காடு சந்தனத்தையும் புகலிடத்தையும் தந்தது. முள்ளூர்க் கானத்தின் நறுமணத்தைத் தலைவியின் கூந்தலுக்கும் மேனிக்கும் உவமை கூறும் அளவிற்கு அம்மலை புலவர் நெஞ்சில் பதிந்திருந்தது. ஆற்றுத்துறைகளுள் கொடுங்கால் என்னும் துறையை அம்மூவனார் பெயர் சுட்டிக் கூறியிருக்கிறார். எல்லை அறிந்த நிலம், உழுதும் மேய்த்தும் வாழும் மக்கள், ஏறி நிற்க ஒரு மலை ஆகிய இவையே காரியின் முதல்.

மலையமான்கள் தமக்கெனக் காசும் வெளியிட்டனர். அவர்களுடையவை என நாணய ஆய்வாளர் கொண்ட சிறு செப்புக் காசுகளில் குதிரை உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. காரி என்னும் பெயருடைய குதிரையின்மேல் வந்து பொருதவன் காரி எனச் சிறுபாணாற்றுப்படை கூறுவதையும், இரவலர்க்கு அவன் ஈந்ததும் குதிரையே என்பதையும் இக்காசுகளோடு சேர்த்துக் காணவேண்டும். தன் அடையாளத்தைச் செம்பில் பதித்துச் சந்தைக்கு அனுப்பும் துணிவு, தன்னை ஓர் அரசனாக எண்ணுபவனுக்கே வரும். படையிலும் கொடையிலும் காசிலும் குதிரை ஒன்றே நின்றது.

படைவலியிலும் அவன் குறைந்தவன் அல்லன். ஆரியர் பெருந்திரளாக முள்ளூரைச் சூழ்ந்தபோது, மலையனுடைய வேல் ஒன்றற்கே அவர்கள் சிதறி ஓடினர் என்பது நற்றிணையில் உவமையாக வந்திருக்கும் செய்தி. இரவில் குதிரையேறிச் சென்று பகைவர் ஆநிரைகளைக் கவர்ந்து மீளும் வழக்கமும் அவனுக்கு இருந்தது. அக்காலச் சிறுநாட்டின் பொருளியலில் ஆநிரை ஒரு பெருஞ்செல்வம். அதனைக் கவர்தலும் காத்தலும் அரசியலே. இன்றைய அளவுகோலால் அவனை அளந்து குற்றம் கூறுவதும், அவனைக் குற்றமற்ற சான்றோனாக வரைவதும் ஒருசேரப் பிழையாகும்.

இத்தகைய வீரனைத் தேடி மூவேந்தரும் தூது விடுத்தனர். சேரனும் சோழனும் பாண்டியனும் தம்முள் பொருதுகொண்டிருந்த காலம் அது. முள்ளூர் வேல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி சாயும் என்ற நிலை இருந்தது. தேர்வண் மலையன் எனப் பாடப்பெற்றவனும் காரியே எனக் கொள்வாருண்டு. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு எதிராகச் சோழனுக்குத் துணைநின்ற அம்மலையனைப் பற்றி வடம வண்ணக்கன் பெருஞ்சாத்தனார் பாடிய பாட்டு ஒரு நுட்பமான செய்தியைத் தருகிறது. வென்ற வேந்தன், வெற்றியைத் தந்தவன் இவன் என்றான். தோற்ற வேந்தன், இவன் வாராதிருந்தால் வெல்லுதல் எளிதாயிருக்கும் என்றான். வென்றவனும் தோற்றவனும் ஒருமுகமாக ஒப்புக்கொண்ட பெருமை அது.

கபிலர் காரியின் நாட்டைப் பற்றிப் பாடிய பாட்டு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவன் நாட்டைக் கடலும் கொள்ளாது, பகைவரும் கொள்ளார். அந்நாடோ அந்தணர்க்கு உரியதாயிற்று. துணை வேண்டி மூவர் அனுப்பும் பொருளோ பாடி வருவோர்க்குச் சென்றது. அவனுக்கென எஞ்சியது கற்பிற்சிறந்த மனைவியின் தோள் ஒன்றே என்பது அப்பாட்டின் கருத்து. புகழ்ச்சி போலத் தோன்றினும் இதில் ஓர் அரசியற் குறிப்பும் உண்டு. பேரரசர் தரும் பொருளைக் காரி கருவூலத்தில் பூட்டி வைக்கவில்லை. தன் நாட்டில் பரவவிட்டான். எவரிடமிருந்து வந்த பொருளும் அவனை அடிமையாக்காமல் கடந்து சென்றது.

பிறர் தன்னை அரசனென ஏற்றுத் தூது விடுத்தலை இக்காலத்தார் அங்கீகாரம் என்பர். 1933-இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் மாண்டிவிடியோ நகரில் செய்துகொண்ட உடன்படிக்கை, நாட்டுக்கு நான்கு இலக்கணங்களை வகுத்தது. நிலையான மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல் என்பன அவை. முள்ளூர் நாட்டில் இந்நான்கும் இருந்தன. ஆயினும் இலக்கணம் நிரம்பிய மாத்திரத்தில் நாடு நிலைபெற்றுவிடுவதில்லை. நம் காலத்தில் பாலஸ்தீனத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1988 நவம்பரில் அல்ஜியர்ஸ் நகரில் அந்நாடு அறிவிக்கப்பட்டது. இந்தியா அதே மாதத்தில் அதனை ஏற்றது. 2009-இல் அங்குத் தலைமையமைச்சராயிருந்த சலாம் ஃபயாத், ஏற்பு வரட்டும் எனக் காத்திராமல், கருவூலம், நீதிமன்றம், காவல், சாலை ஆகியவற்றை இரண்டாண்டுகளில் கட்டியெழுப்பும் திட்டத்தை முன்வைத்தார். ஒரு நாட்டை நடத்தத் தக்க நிலையில் அவ்வமைப்புகள் உள்ளன என 2011-இல் உலக வங்கி கருத்துரைத்தது. 2012-இல் ஐக்கிய நாடுகள் பேரவையில் 138 நாடுகள் ஆதரிக்க, உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடு என்னும் தகுதி கிட்டியது. 2025 செப்டம்பரில் பிரிட்டனும் பிரான்சும் ஏற்றபின் அந்நாட்டை ஏற்றவை 150-க்கு மேற்பட்டன. அதன் பின்னரும் அந்நாட்டின் எல்லையும் ஆட்சியுரிமையும் முடிவுபெறவில்லை. ஏற்பும் அமைப்பும் தனித்தனியே வந்துசேர, நிலத்தின்மேல் உரிமை மட்டும் எட்டாமல் நிற்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது. காரியின் காலத்துக்கும் இது பொருந்தும்.

காரி மேற்கொண்ட வழி ஒன்றே சிறுநாடுகளுக்கு அன்று இருந்த வழி அன்று. பறம்பின் தலைவன் பாரி வேறொரு வழியில் சென்றான். 300 ஊர்களையும் பரிசிலர்க்கு ஈந்துவிட்டு ஒரு மலையை மட்டும் வைத்திருந்த அவனை மூவேந்தரும் ஒன்றுகூடி முற்றுகையிட்டனர். அவன் பணியவில்லை, வீழ்ந்தான். காரியோ மூவருக்கும் வேண்டியவனாய் இருந்தான். ஒருவர்க்கு இன்று துணைநின்று மற்றொருவர்க்கு நாளை துணைநிற்கும் நிலையால், மூவரும் ஒன்றுகூடித் தன்னைச் சூழாதபடி காத்துக்கொண்டான். பறம்பின் வழி மானம். முள்ளூரின் வழி மதியூகம். இவ்விரு மலைகளையும் ஒருவரே பாடினார் என்பது தமிழ் இலக்கியத்தின் பேறு. பாரியின் உயிர்நண்பர் கபிலரே காரியையும் பாடினார்.

காரியிடம் கபிலர் கூறிய அறிவுரை ஒன்று புலவர் எல்லார்க்கும் உரியது. ஒரு வள்ளலைத் தேடி நான்கு திசையிலிருந்தும் பலர் வருவர், கொடுத்தல் எளிது, வந்தோர் தகுதியின் வரிசையை அறிதலே அரிது, ஆதலின் புலவரைப் பொதுவாக நோக்குதலைக் கைவிடுக என்றார் அவர். கொடை மிகுந்திருந்தும் மதிப்பு குறைந்துவிட்டால் அது ஏற்பு ஆகாது என்பதே இதன் உட்கிடை. கபிலர் காரியிடம் கேட்டதற்கும், சிறுநாட்டு மன்னர் பேரரசரிடம் எதிர்பார்த்ததற்கும் பெரிய வேறுபாடில்லை. எல்லாரோடும் ஒன்றாக எண்ணப்படாமல், தாம் இன்னார் என்று அறியப்படுவதையே இருவரும் வேண்டினர். காரி அறிவுரையை ஏற்றான் என்பதற்கு அவனைப் பற்றிய பிற பாட்டுகளே சான்று. கள் மயக்கத்தில் தேர் ஈதல் எவர்க்கும் எளிது. மலையனோ தெளிந்த நிலையில் ஈந்தான் என்கிறார் கபிலர். நாளும் புள்ளும் பொருந்தாத வேளையில், முறையறியாமல் பேசி நின்றவரும் அவன் வாயிலிலிருந்து வெறுங்கையுடன் திரும்பியதில்லை.

மூவரும் தேடிய அந்த வேலுக்கு ஒரு விலையும் இருந்தது. கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவனும் வள்ளல், அவனும் சிறுநாட்டு மன்னன். சேரர்பொருட்டுக் காரி அவனோடு பொருதான்; அவனைக் கொன்று, பலாவளம் மிக்க கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான். இச்செய்தியைக் கல்லாடனார் அகநானூற்றில் பதிந்துள்ளார். ஓரி வீழ்ந்தபின் காரி கொல்லியின் தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் உவமையாக்கியுள்ளார். காரியைப் புகழ்ந்த நாவினால், காரி புகுந்த தெருவில் நின்றோரின் கலக்கத்தையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

காரியின் வாழ்வில் மறைக்கமுடியாத கறை இதுவே. அவன் அழித்தது ஒரு பேரரசை அன்று. தன்னைப் போன்றே மலையையும் மக்களையும் நம்பி நின்ற ஒரு சிறுநாட்டை. பெரியோரின் ஏற்பைப் பெறுவதற்குத் தன்னொத்தாரின் இருப்பை விலையாகக் கொடுத்தான். மூவேந்தருக்கு இடையில் ஊடாடி வாழ்ந்த குறுநில மன்னர் தம்முள் ஒன்றுபட்டிருந்தால் வரலாறு வேறாகியிருக்கலாம். அவ்வாறு ஒன்றுபடாமற் போனதற்கு ஓரியின் வீழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டு.

வினை விரைவில் திரும்பிற்று. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கோவலூரைத் தாக்கி வென்றான். அவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்பதை ஔவையார் பாட்டினால் அறிகிறோம். கோவலூர்க்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளியைக் குறிக்கிறது. அதில் அவனுக்குச் சதியபுதோ என்னும் பட்டமும் வருகிறது. அசோகப் பேரரசர் தம் பாறைக் கல்வெட்டில், தம் ஆட்சிக்கு வெளியே உள்ள தென்னாட்டு அரசுகளாகச் சோழரையும் பாண்டியரையும் கேரளபுத்திரரையும் கூறியதோடு சத்தியபுத்திரரையும் கூறியிருக்கிறார். அந்தச் சத்தியபுத்திரர் அதியமான்களே என்னும் கருத்தை ஜம்பைக் கல்வெட்டு உறுதி செய்தது. பாடலிபுத்திரம் வரை பெயர் அறியப்பட்ட குடி அதியர் குடி. அசோகரின் அவ்வரிசையில் மலையமான் பெயர் இல்லை. ஏற்பின் ஏணியில் ஒருபடி உயர்ந்து நின்றவன், ஒருபடி தாழ்ந்து நின்றவனின் தலைநகரைக் கொண்டான். அந்த நேரத்தில் கோவலூரைக் காக்க மூவேந்தருள் எவரும் வந்து நின்றதாகப் பாட்டு இல்லை.

அதியமானும் நெடிது நிலைக்கவில்லை. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றி அழித்தான். அரிசில்கிழார் பாடிய பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவ்வெற்றியைப் போற்றுகிறது. அசோகர் கல்லில் பெயர் பெற்றதும் அதியரைக் காக்கவில்லை; மூவர் தூது பெற்றதும் மலையரைக் காக்கவில்லை. பறம்பு, கொல்லி, கோவலூர், தகடூர் என மலைநாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேரரசர் கைப்பட்டன. பாரிக்கும் அதியமானுக்கும் புறநானூற்றில் கையறுநிலைப் பாடல்கள் உள்ளன. காரிக்கு அத்தகைய பாட்டு இல்லை. மூவர் தேடி வந்த வீரன், தன்னை அழுது பாடுவார் இன்றி வரலாற்றிலிருந்து மறைகிறான்.

அவனுக்குப் பின் மலையமான் குடி அடைந்த துயரம் இன்னும் கொடிது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மலையமான் மக்களாகிய இளஞ்சிறாரை யானைக் காலில் இடக் கொண்டுவந்தான். அச்சிறுவர்கள் யானையைக் கண்டு வியந்து அழுகையை மறந்தனர். பிறகு அறியா மன்றத்தைக் கண்டு மருண்டனர். கோவூர்கிழார் இடையிட்டுப் பாடி அவர்களை மீட்டார். புறாவுக்காகத் தன்னை ஈந்தவன் மரபில் வந்த வேந்தனே, இவர்கள் யார் என நினைத்துப் பார் என்பது அவர் வேண்டுகோளின் சாரம். அறிஞரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்ணும் குடியில் தோன்றியவர் என்பதே அச்சிறாருக்கு அவர் தந்த அறிமுகம். தந்தையரின் வேலோ, வேந்தர்க்கு அவர்கள் வென்று தந்த களங்களோ அங்குப் பேசப்படவில்லை. மன்றத்தில் பயன்பட்டது காரியின் போர்ப்புகழ் அன்று. புலவர்க்கு அவன் குடி பகுத்துத் தந்த சோறு.

இங்கேயே மலையமான் நாட்டின் கதை முடிந்திருக்கலாம். ஆனால் முடியவில்லை. பின்னொரு காலத்தில் சோழ வேந்தன் ஒருவன் அரசிழந்து அல்லற்பட்டபோது, அவன் ஒளிந்திருக்க இடம் தந்தது முள்ளூர் மலையே. மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணன் அவனைக் காத்து, மீண்டும் வெண்குடையின்கீழ் அமர்த்தினான். மாறோக்கத்து நப்பசலையார் இதனைப் பாடும்போது, பொய்யறியாக் கபிலர் பாடிய மலை அது என்று நினைவூட்டுகிறார். முன்னோன் மறைந்த துயரில் வாடிய நாட்டுக்கு மழைபோல் வந்தவன் திருக்கண்ணன் என்றும் போற்றுகிறார். யானைக் காலில் மலையமான் சிறாரை இட முனைந்த குடிக்கு மலையமான் மலை அடைக்கலம் தந்தது. திருக்கண்ணனின் பெயரோடு சேர்ந்த ஏனாதி என்னும் பட்டமும் கருதத்தக்கது. அது படைத்தலைவர்க்கு வேந்தர் அளிக்கும் சிறப்பு. காரியிடம் வேந்தர் தூது விடுத்தனர். அவன் வழியினனுக்கு வேந்தர் பட்டம் அளித்தனர். ஏற்பு கிடைத்தது, ஆனால் மன்னன் என்ற நிலையிலிருந்து வேந்தனின் மாண்புமிகு துணைவன் என்ற நிலைக்கு இறங்கிக் கிடைத்தது. குடி அழியாமல் வாழ்வதற்கு அவர்கள் அந்த விலையைக் கொடுத்தனர்.

அக்குடி பல நூற்றாண்டு வாழ்ந்தது. மிலாட்டை ஆண்டு, பகைவன் அடியார் வேடத்தில் வந்து குத்தியபோதும் அவனைக் காத்து அனுப்பிய மெய்ப்பொருள் நாயனார் கோவலூரிலிருந்து ஆண்டவராகவே பெரியபுராணத்தில் காட்சி தருகிறார். சுந்தர சோழனின் தேவியும் முதலாம் இராசராசனின் தாயுமான வானவன்மாதேவி மலையமான் குடிப்பெண். திருக்கோவலூர் வீரட்டானக் கோயிலிலுள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு, அவ்வம்மை கணவனுடன் தீப்புகுந்ததைக் கூறுகிறது. கபிலர் பாரியின் மகளை மலையனுக்கு அளித்துவிட்டு இவ்வூரில் தீப்புகுந்ததையும் அதே கல்வெட்டு கூறுகிறது. பெண்ணையாற்றின் நடுவே கபிலக்கல் இன்றும் நிற்கிறது. பாரியின் மகளிரை ஏற்குமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் வேண்டி மறுக்கப்பட்டவர் கபிலர். பறம்பின் எஞ்சிய மானத்துக்கு இறுதியில் இடம் தந்தது மலையமான் மண் என்பதே கல்வெட்டு கூறும் செய்தி. நாடிழந்த பெண்களை வேந்தர்க்கு அஞ்சி மற்றவர் ஏற்காதபோது ஏற்ற நாடு, தானும் நாடு என்பதை அன்று மெய்ப்பித்தது.

கல்வராயன் மலையின் பிற்கால வரலாறும் இதே வினாவைத் தொட்டே செல்கிறது. பேரரசுகள் மாறியபோதும், ஆங்கிலேயர் ஆண்டபோதும், அம்மலை ஜாகிர்தார் மூவரின் ஆளுகையில் தனித்திருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்தபின், 1976-இல்தான் ஜாகிர் ஆட்சி முடிந்து மலை அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. மேலிருப்போர் ஏற்ற தலைவர்கள் பலர் அம்மலைக்கு இருந்தனர். மலைமக்களை அவர்தம் பெயரால் ஏற்றுக்கொள்ளும் காலம் மிகப் பிந்தியே வந்தது. தலைவனுக்குக் கிடைத்த ஏற்பு குடிகளுக்குக் கிடைத்த ஏற்பு ஆகாது என்பதற்குக் கல்வராயன் மலை கண்முன் நிற்கும் சான்று.

காரியின் வாழ்வு தரும் தெளிவும் இதுவே. வேந்தர் அவனுடைய வேலை ஏற்றனர். அந்த ஏற்பு வேலின் தேவை தீர்ந்த நாளில் தீர்ந்தது. அவன் தன் நாட்டுக்குள் கட்டியவை வேறு. வந்தோர் வரிசையறிந்து ஈதல், புலவர்க்குப் பகுத்துண்ணல், துன்புற்றோர்க்கு மலைக்கதவைத் திறந்துவைத்தல் என்பன அவை. அவன் மறைந்தபின் அவனுடைய குடியின் சிறுவரை மீட்டவை அவையே. நாடிழந்தோர்க்கு நிழலானவையும் அவையே. ஓரியின் குருதி அவன் வேலில் உலராமல் இருக்கிறது. கோவலூர் மன்றத்தில் அவன் ஈந்த கொடையும் பாட்டில் வாடாமல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே கபிலர் நமக்கு விட்டுச் சென்றார். காரியை நினைப்போர் இரண்டையும் சேர்த்தே நினைக்கக் கடவர்.